கவுனரிசி ஏன் கருப்பு? புரத வலைப்பின்னலைக் கட்டி ஒரு பண்பைப் படிக்க முழுமையான வழிகாட்டி

கவுனரிசியின் கருப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உயிரியல் படித்தவர்கள்கூட "அதுக்குன்னு ஒரு ஜீன் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு ஜீனைத் தேடிப் போனால்தான் சங்கடம் தெரியும். அந்த நிறத்தைத் தயாரிக்கும் நொதிகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளைப் பொன்னியிலும் ஜீன் உண்டு. அவற்றை முடுக்கிவிடும் புரதங்களில் சிலவும் அங்கே இருக்கின்றன. இருந்தும் பொன்னி வெள்ளை, கவுனி கருப்பு. எந்தப் புரதம், எந்தத் திசுவில், எப்போது, எதோடு சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இதைப் படிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியலுக்குத் தனித் துறையே இருப்பதால், சந்தேகம் கேட்க ஆளில்லை என்ற கவலையும் இந்தப் பக்கத்தில் இல்லை. கடைசிப் படி வரைக்கும் லேப் வேண்டாம். ஒரு லேப்டாப்பும் நெட்டும் போதும். கவுனி உதாரணம்தான். உங்களுக்கு வேண்டிய பண்பை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்: கோடு என்றால் என்ன?

வலைப்பின்னலில் ஒவ்வொரு புரதமும் ஒரு புள்ளி. இரண்டு புரதங்களுக்கு இடையே உறவு இருந்தால் ஒரு கோடு. புத்தகங்களில் நோட், எட்ஜ் என்று பார்த்திருப்பீர்கள். புள்ளியில் குழப்பம் வராது, கோட்டில்தான் வரும். ஏனென்றால் ஒரே மாதிரி வரையப்படும் கோட்டுக்கு மூன்று வெவ்வேறு பொருள் இருக்கலாம். இரண்டு புரதங்களும் ஒட்டிக்கொண்டு ஒரே கூட்டமைப்பாக வேலை செய்யலாம். ஒரு நொடி தொட்டுவிட்டு விலகலாம். தொடவே தொடாமல், ஒரே வேலையின் முன்பின் கட்டங்களில் இருப்பதால் மட்டும் "தொடர்புள்ளவை" என்று பதிவாகியிருக்கலாம். இந்த மூன்றையும் ஒன்றாகக் கருதிக் கட்டின புராஜெக்ட்டுகள்தான் வைவாவில் முதல் கேள்விக்கே தடுமாறுகின்றன.

கோடுகளைக் கண்டுபிடிக்கும் வேலை சூடு பிடித்தது 1989இல். ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சோங்கும் ஈஸ்டுக்குள் இரண்டு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையை அந்த ஆண்டு வெளியிட்டார்கள். 2000இல் அதே முறையைப் பெரிய அளவில் ஓட்டி, ஈஸ்டின் 1,004 புரதங்களுக்கு இடையே 957 கோடுகளை ஒரு குழு அறிவித்தது. 2020இல் வந்த மனிதப் புரத வரைபடத்தில் கோடுகள் ஏறத்தாழ 53,000. நெல்லுக்கு அந்த அளவு நேரடிச் சோதனை நடக்கவில்லை. இது ஐந்தாம் படியில் நம்மைத் தொல்லைப்படுத்தும்.

படி 1: பண்பைக் குறுக்குங்கள்

"கவுனி ஏன் உடம்புக்கு நல்லது" என்பது கேள்வியே இல்லை. அதில் சர்க்கரை, நார்ச்சத்து, நிறமி, விளம்பரம் எல்லாம் கலந்து கிடக்கிறது. "கவுனி மணியின் மேல்தோலில் மட்டும் ஏன் கருநீல நிறமி சேர்கிறது" என்பது கேள்வி. அதில் ஒரு பொருள், ஒரு திசு, ஒரு வளர்ச்சிக் கட்டம் என்று மூன்றும் இருக்கின்றன. உங்கள் பண்பையும் இந்த மூன்றும் வரும்படி ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: அந்தப் பண்பு எந்த மூலக்கூறு என்று உறுதி செய்யுங்கள்

இதை அடுப்படியிலேயே முடிக்கலாம். கவுனரிசியை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் கரு ஊதாவாக இருக்கும். நிறம் போகக் கூடாது என்று அந்தத் தண்ணீரோடுதான் வேகவைப்பார்கள். அதில் கொஞ்சத்தை மூன்று கண்ணாடி டம்ளரில் எடுங்கள். ஒன்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் நிறம் பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் நீலமும் பச்சையுமாகத் திரும்பும். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க. அமிலத்தில் சிவந்து காரத்தில் நீலம் கொள்வது ஆந்தோசயனின் குடும்பத்தின் குணம். கருப்பரிசிகளில் அதிகமாக இருப்பது சயனிடின்-3-குளுக்கோசைடு, அடுத்து பியோனிடின்-3-குளுக்கோசைடு.

மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசியில் இந்த மாற்றம் இவ்வளவு தெளிவாக வராது. அங்கே இருப்பது புரோஆந்தோசயனிடின் என்ற வேறு பொருள். இரண்டும் ஒரே பாதையில் தொடங்கிக் கடைசியில் பிரிகின்றன. இந்தப் பிரிவு தெரியாமல் சிவப்பரிசிக் கட்டுரைகளில் இருந்து ஜீன்களை அள்ளிப் போட்டால் உங்கள் வலைப்பின்னல் இரண்டு பண்புகளின் கலவையாகிவிடும்.

படி 3: விதைப் பட்டியல்

வலைப்பின்னலை ஒன்றுமில்லாததில் இருந்து கட்ட முடியாது. அந்தப் பண்போடு தொடர்பு உறுதியான சில புரதங்களை முதலில் வைக்க வேண்டும். அதுதான் விதைப் பட்டியல். கவுனிக்கு அதை இரண்டு பகுதியாகப் போடுங்கள்.

முதலாவது, தயாரிப்பாளர்கள்: நிறமியைக் கட்டம் கட்டமாகச் செய்யும் நொதிகள். சிஎச்எஸ், சிஎச்ஐ, எஃப்3எச், அதன் துணை எஃப்3'எச், பிறகு டிஎஃப்ஆர், ஏஎன்எஸ். இந்த வரிசை பெரும்பாலான பூக்கும் செடிகளுக்குப் பொது.

இரண்டாவது, முடுக்கிகள். இந்த நொதிகளின் ஜீன்களை இயக்கும் மூவர் கூட்டணி. எம்ஒய்பி வகைப் புரதம் ஒன்று, பிஎச்எல்எச் வகை ஒன்று, டபிள்யூடி40 வகை ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒட்டினால்தான் கூட்டமைப்பு முழுமையாகும். எம்ஒய்பியும் பிஎச்எல்எச்சும் டிஎன்ஏவைப் பிடிக்கின்றன. டபிள்யூடி40 தன் வட்டத் தகடு போன்ற வடிவத்தால் கூட்டைத் தாங்குகிறது.

நெல்லில் இவற்றுக்கு ஆள் அடையாளம் கிடைத்துவிட்டது. ஜப்பானில் கோஷிஹிகாரி என்ற வெள்ளை நெல்லைக் கருப்பு நெல்லோடு திரும்பத் திரும்பக் கலந்து, மணி கருப்பாக மூன்று இடங்கள் தேவை என்று 2014இல் காட்டினார்கள். அவற்றுக்கு வைத்த பெயர் காலா1, காலா3, காலா4. எண் குரோமோசோமைக் குறிக்கும். காலா1 என்பது டிஎஃப்ஆர் நொதிதான். காலா3 எம்ஒய்பி. காலா4 பிஎச்எல்எச். டபிள்யூடி40 இடத்தில் நெல்லின் டிடிஜி1.

கவனியுங்கள்: தேவைப்பட்ட மூன்றில் ஒன்று தயாரிப்பாளர், இரண்டு முடுக்கிகள். டிடிஜி1 அந்தப் பட்டியலில் வரவில்லை. இரண்டு பெற்றோருக்கும் இடையே வேறுபடும் இடங்களை மட்டும்தான் கலப்பினச் சோதனை காட்டும். இருவரிடமும் ஒழுங்காக வேலை செய்கிற புரதம் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் அதன் கண்ணுக்குப் படாது. வலைப்பின்னலைக் கட்ட வேண்டிய முதல் காரணமே இதுதான்.

படி 4: அடையாள எண், அதில் ஒரு குழி

ஒரே நெல் ஜீனுக்கு மூன்று நான்கு பெயர் இருக்கும். பெயரை நம்பாமல், நெல் ஜீன்களுக்கான ஆர்ஏபி தரவுத்தள எண்ணையும், புரதங்களுக்கான யூனிப்ராட் தரவுத்தள எண்ணையும் ஒரு எக்செல் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேடும்போது உயிரினத்தை ஒரைசா சட்டைவா ஜப்போனிகா என்று குறிப்பிடுங்கள். அதன் வகைப்பாட்டு எண் 39947.

இதுவரை எளிது. குழி எங்கே என்றால், உலகம் முழுக்கப் பயன்படுத்தும் நெல்லின் ஆதார மரபுத்தொகுதி நிப்பன்பாரே என்ற ரகத்துடையது. அது வெள்ளை அரிசி. சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஆர்சி என்ற பிஎச்எல்எச் ஜீனில் வெள்ளை நெல்களில் பொதுவாக 14 எழுத்துகள் விடுபட்டிருக்கும். டிஎன்ஏ மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கப்படும். 14 மூன்றால் வகுபடாததால் அதற்குப் பின்னால் எல்லாம் தடம் மாறி, புரதம் பாதியிலேயே நின்று, பிஎச்எல்எச் பகுதியே இல்லாமல் போகிறது. நிப்பன்பாரேயும் அப்படித்தான். ஆகவே ஆதார வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது முடமான ஆர்சி. முழுப் புரதம் வேண்டுமென்றால் சிவப்பரிசி அல்லது காட்டு நெல்லில் இருந்து பதிவான வரிசையைத் தேடி எடுக்க வேண்டும். நிறம், மணம், உயரம் என்று எந்தப் பண்பைப் படித்தாலும், ஆதார ரகத்தில் அந்தப் பண்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 5: ஸ்ட்ரிங்கில் கோடுகளை எடுப்பது

புரத உறவுகளைத் தொகுத்துத் தரும் ஸ்ட்ரிங் என்ற இணையதளத்தைத் திறந்து, மல்டிபிள் புரோட்டீன்ஸ் என்ற இடத்தில் உங்கள் எண்களை வரிசையாக ஒட்டி, உயிரினத்தைத் தேர்ந்து தேடுங்கள். உடனே ஒரு அழகான படம் வரும். அதை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டாதீர்கள்.

ஸ்ட்ரிங் ஏழு வகைச் சான்றுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் தருகிறது: ஜீன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, இரண்டு ஜீன்கள் வேறு உயிரியில் ஒன்றாக இணைந்திருப்பது, பல உயிரிகளில் சேர்ந்தே தென்படுவது, சேர்ந்தே வெளிப்படுவது, சோதனை முடிவு, தொகுத்த தரவுத்தளம், கட்டுரைகளில் இரு பெயரும் சேர்ந்து வருவது. கடைசி வகை ஆபத்தானது. "ஆர்சிக்கும் டிஎஃப்ஆருக்கும் நேரடித் தொடர்பு இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தாலும் இரண்டு பெயரும் ஒரே வரியில் வந்துவிட்டன அல்லவா.

இங்கே செய்ய வேண்டியவை:

செட்டிங்ஸில் குறைந்தபட்ச மதிப்பெண் 0.4 என்றுதான் வரும். அதை 0.7 ஆக்குங்கள். பிறகு நெட்வொர்க் வகையை முழு நெட்வொர்க்கில் இருந்து பிசிக்கல் சப்நெட்வொர்க்குக்கு மாற்றி இன்னொரு தரம் எடுங்கள். இரண்டையும் எக்ஸ்போர்ட்ஸ் பகுதியில் இருந்து டிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கித் தனித்தனிப் பெயரில் சேமியுங்கள். பதிப்பு எண்ணையும் தேதியையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுவது நல்லது. அடுத்த பதிப்பில் மதிப்பெண் மாறும்போது கைடு கேட்பார்.

முழு நெட்வொர்க்கில் நொதிகள் ஆறும் அடர்த்தியான கொத்தாக நிற்கும். பிசிக்கலுக்கு மாற்றியதும் அந்தக் கொத்து பெரும்பாலும் இளைத்துப்போகும். காரணம், நொதிகளுக்கு இடையே இருந்த கோடுகளில் பல "ஒருவர் செய்ததை அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார்" என்ற உறவு. ஆனால் அதைப் பொய்க்கோடு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கும் அராபிடாப்சிஸில் சிஎச்எஸ், சிஎச்ஐ, டிஎஃப்ஆர் ஆகியவை நேரடியாகவே ஒட்டுகின்றன என்று 1999இல் காட்டினார்கள். ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே "ஒட்டுகிறது", "கைமாற்றுகிறது", "தெரியவில்லை" என்று மூன்றில் ஒன்றை நீங்களே எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். புராஜெக்ட்டின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொன்று: நெல்லில் காட்டப்படும் கோடுகளில் நிறைய, அராபிடாப்சிஸ் போன்ற வேறு உயிரியில் பார்த்ததை இணையான ஜீன் வழியே கடன் வாங்கியவை. கோட்டைச் சொடுக்கினால் சான்று விவரம் திறக்கும். அங்கே எந்த உயிரி என்று பாருங்கள். கடன் வாங்கிய கோடு தப்பு இல்லை, ஆனால் அது ஊகம்.

படி 6: சைட்டோஸ்கேப்பில் வரைந்து, நடுநாயகத்தைத் தேடுவது

சைட்டோஸ்கேப் வலைப்பின்னல் வரையும் மென்பொருள், இலவசம். டிஎஸ்வி கோப்பை இறக்கி, புள்ளிகளுக்கு வகைவாரியாக நிறம் கொடுங்கள். அனலைஸ் நெட்வொர்க் கொடுத்தால் டிகிரி, பிட்வீன்னெஸ் என்று அட்டவணை வரும்.

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில் இருந்து எத்தனை ஊருக்கு நேர் பஸ் உண்டோ அது டிகிரி. சின்ன ஊராக இருந்தும், வடக்கே இருப்பவர் தெற்கே போக அதைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால் அந்த ஊரின் பிட்வீன்னெஸ் அதிகம். இரண்டும் ஒன்றல்ல.

அதிகக் கோடு உள்ள புள்ளி உயிருக்கு முக்கியம் என்ற கருத்து 2001இல் ஹாவோங் ஜியோங், பராபாசி குழுவின் ஈஸ்ட் ஆய்வில் இருந்து வந்தது. ஐந்தும் அதற்குக் குறைவுமான கோடுள்ள புரதங்களில் சுமார் 21 விழுக்காடு உயிர்வாழ அவசியம். 15க்கு மேல் கோடுள்ளவற்றில் சுமார் 62 விழுக்காடு. எண்கள் பளிச்சென்று இருப்பதால் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதிகம் ஆராயப்பட்ட புரதத்துக்கு அதிகக் கோடு பதிவாகும் என்பதும் உண்மை. மனிதரில் புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்துக்குக் கோடுகள் குவிந்திருப்பதில், ஆயிரக்கணக்கான லேப்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதற்கும் பங்கு உண்டு. டாப் 10 ஹப் ஜீன்கள் (அதிகக் கோடுள்ளவை) என்று பட்டியல் போட்டு முடித்துவிடும் புராஜெக்ட்டுகள் எனக்கு அலுத்துவிட்டன.

ஹப் என்றால் பண்புக்கு என்ன ஆகும் என்பதை டிடிஜி1 அருமையாகக் காட்டும். அராபிடாப்சிஸில் இந்த ஒரு புரதம் கெட்டால் இலையில் ரோமம் வராது, விதைத்தோல் மஞ்சளாகும், ஆந்தோசயனின் போய்விடும், வேர்த்தூவிகள் வேண்டாத இடத்திலும் முளைக்கும், விதையைச் சுற்றிய வழவழப்பும் இருக்காது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து பண்புகள். டிடிஜி1 ஐந்து வேலை செய்யவில்லை. அது தாங்கும் வேலை ஒன்றைத்தான் செய்கிறது. எந்த எம்ஒய்பியும் எந்த பிஎச்எல்எச்சும் அதோடு சேர்கின்றன என்பதைப் பொறுத்துப் பண்பு மாறுகிறது.

எதிராளிகளையும் வரைபடத்தில் சேர்க்க மறக்காதீர்கள். அராபிடாப்சிஸில் சிபிசி என்ற சின்ன எம்ஒய்பி புரதம் உண்டு. பிஎச்எல்எச்சை ஒட்டும் பகுதி அதற்கும் இருக்கிறது, ஆனால் ஜீனை முடுக்கும் பகுதி இல்லை. பெரிய எம்ஒய்பி உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேலை நடக்கவிடாமல் செய்துவிடும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி கோடுதான் இருக்கும். ஒன்று முடுக்கு, இன்னொன்று முட்டுக்கட்டை. முடுக்கும் கோட்டுக்கு அம்புக்குறி, தடுக்கும் கோட்டுக்கு முனையில் குறுக்குக்கோடு என்று நீங்களே குறியிடுங்கள்.

படி 7: எங்கே, எப்போது என்று வடிகட்டுவது

ஒரு கவுனி மணியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கருப்பு, நகக்கண் அளவுகூட இல்லாத மெல்லிய தோல் மட்டும். உள்ளே முழுக்க வெள்ளை. அதனால்தான் மில்லில் தீட்டினால் கவுனி தன் பெயரை இழந்துவிடுகிறது. தோல் செல்லுக்கும் உள்ளே இருக்கும் மாவுப்பகுதிச் செல்லுக்கும் நிற ஜீன்களில் வேறுபாடு இல்லை, வலைப்பின்னல்தான் வேறு.

இந்த இடத்தில் காலா4 கதை வருகிறது. கருப்பு நெல்லில் காலா4 ஜீனுக்கு முன்னால் இருந்து அதை இயக்கும் ஊக்கிப் பகுதியில் டிஎன்ஏ பெரிதாக இடம் மாறிச் சேர்ந்திருக்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் விளைவாக, வழக்கமாக மணித்தோலில் வராத அந்த பிஎச்எல்எச், அங்கே வர ஆரம்பித்தது. வந்ததும் அங்கே இருந்த எம்ஒய்பி, டபிள்யூடி40 புரதங்களோடு சேர்ந்து நொதி ஜீன்களை முடுக்கிவிட்டது. ஆள் புதிது இல்லை, நின்ற இடம்தான் புதிது.

அதே ஆய்வின்படி இந்த மாற்றம் முதலில் வெப்பமண்டல ஜப்போனிகா நெல்லில் தோன்றி, பிறகு கலப்பின் வழியாக இண்டிகா நெல்லுக்குப் போயிருக்கிறது. கருப்பை விரும்பி மக்கள் பொறுக்கி எடுத்து விதைத்ததும் அதில் சேர்த்தி. கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நகரத்தார் பர்மாவில் இருந்து எடுத்து வந்தது கவுனி என்று இங்கே வீட்டுக்கு வீடு சொல்வார்கள். விருந்தில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து இனிப்பாக வந்து நிற்பதும் அந்தக் கருப்புக்காகத்தான்.

செய்முறைக்கு வருவோம். ரைஸ்எக்ஸ்புரோ போன்ற தளத்தில் உங்கள் ஒவ்வொரு ஜீனும் எந்தத் திசுவில், எந்த நாளில் வெளிப்படுகிறது என்று எடுங்கள். ஒரு கோட்டின் இரு முனையும் ஒரே திசுவில், ஒரே காலத்தில் இல்லாவிட்டால் அந்தக் கோட்டை அந்தத் திசுவின் வரைபடத்தில் இருந்து நீக்குங்கள். இலையுறைக்கு ஒரு வரைபடம், மணித்தோலுக்கு ஒன்று, மாவுப்பகுதிக்கு ஒன்று என்று மூன்று வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தளத்தின் தரவும் பெரும்பாலும் நிப்பன்பாரேயில் எடுத்தது என்பதை நான்காம் படியில் சொன்னதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்: வெள்ளை நெல்லின் மணித்தோலில் காலா4 இல்லை என்பது தரவின் குறை இல்லை, அதுதான் விடை.

விதை காப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. மணித்தோல் தாய்ச்செடியின் திசு. பக்கத்து வயல் பொன்னியின் மகரந்தம் வந்து விழுந்தாலும் அந்த மணி கருப்பாகத்தான் இருக்கும். கலப்பு அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் வெளியே தெரியும். மணியின் நிறத்தைப் பார்த்து "சுத்தமான விதை" என்று எடுப்பது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

படி 8: மாறுபாட்டைக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பது

இப்போது மரபணு மாற்றங்களை எடுத்து, ஒவ்வொன்றும் வரைபடத்தில் என்ன செய்கிறது என்று வகை பிரியுங்கள். நெல்லுக்கு 3,010 ரகங்களின் மரபுத்தொகுதித் தரவு பொதுவில் இருக்கிறது. நான்கு வகை போதும்.

புள்ளியே போய்விடுவது: ஆர்சியின் 14 எழுத்து இழப்பு. புள்ளி இடம் மாறுவது: காலா4. புள்ளி இருந்தும் சில கோடுகள் மட்டும் அறுவது: இது நினைப்பதைவிட அதிகம். மனித நோய்களோடு தொடர்புள்ள அமினோ அமில மாற்றங்களை 2015இல் பெரிய அளவில் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புரத உறவுகளைக் குலைத்தன. அவற்றில் பாதி, சில கோடுகளை மட்டும் அறுத்து மற்றவற்றை அப்படியே விட்டன. ஒரே ஜீனில் வரும் இரண்டு மாற்றங்கள் இரண்டு வெவ்வேறு நோயைத் தருவதற்கு இது ஒரு காரணம்.

நான்காவது, இல்லாத கோடு புதிதாக முளைப்பது. இதற்கு நெல்லை விட்டு வெளியே போக வேண்டும். அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது. தண்ணீரை விரும்பாத அந்த வேலின், ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில், பக்கத்து ஹீமோகுளோபினின் 85ஆவது ஃபினைல்அலனினும் 88ஆவது லியூசினும் அமைக்கும் குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்காருகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளநீளமான இழைகளாகி, செல்லையே வளைத்துவிடுகிறது. நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இது நேரில் தெரிந்த நோய். கருவில் இருக்கும்போது இருந்த ஹீமோகுளோபின் இந்த ஒட்டலைத் தடுக்கும். பிறந்த பிறகு அதை அணைப்பது பிசிஎல்11ஏ என்ற புரதம். 2023 நவம்பரில் பிரிட்டனில் முதலில் அனுமதி பெற்ற காஸ்கெவி சிகிச்சை, அந்தப் புரதத்தை உடம்பு முழுக்க அழிப்பதில்லை. சிவப்பணு வழியில் மட்டும் அதை இயக்கும் டிஎன்ஏ பகுதியை வெட்டிவிடுகிறது. காலா4இல் இயற்கையாக நடந்ததும் இதேபோல் ஒரே திசுவுக்கான சுவிட்சில் கைவைத்ததுதான், அங்கே போட்டது, இங்கே அணைத்தது.

நீரிழிவு, உயரம் போன்ற பண்புகளை எடுத்தால் இந்த வகைப்பாடு இவ்வளவு சுத்தமாக நிற்காது. ஆயிரக்கணக்கான இடங்களில் தூசி அளவு விளைவுகள். வலைப்பின்னல் அவ்வளவு பின்னிக் கிடப்பதால், அந்தத் திசுவில் வெளிப்படும் ஏறக்குறைய எல்லா ஜீனும் மையப் புரதங்களைக் கொஞ்சமாவது அசைக்கும் என்று 2017இல் பாயில், லீ, பிரிச்சர்ட் மூவரும் வாதிட்டார்கள். விவாதம் முடியவில்லை. முதல் புராஜெக்ட்டுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 9: எண்ணிக்கை உங்களை ஏமாற்றுகிறதா என்று பார்ப்பது

பட்டியலில் எந்த வேலையைச் செய்யும் புரதங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று காட்டுவது செறிவுப் பகுப்பாய்வு. ஸ்ட்ரிங் தரும் அந்தப் பகுப்பாய்வில் முதல் வரியில் "ஃபிளேவனாய்டு தயாரிப்பு" என்று வரும். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள். நீங்கள் உள்ளே போட்டதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. விதைகளை நீக்கிவிட்டு, புதிதாக வந்த புள்ளிகளை மட்டும் வைத்துச் செறிவைப் பாருங்கள். பிறகு, விதைகளின் அதே டிகிரி உள்ள வேறு புரதங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து அதே வேலையை ஆயிரம் தரம் ஓட்டுங்கள். பைத்தானில் பத்து வரி. குலுக்கல் பட்டியலுக்கும் அதே அளவு கோடு கிடைத்தால் உங்கள் கொத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை.

படி 10: கணிப்பைச் சோதிப்பது

லேப் இல்லாதவர்கள், புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் சர்வரில் இரண்டு புரத வரிசைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். ஐபிடிஎம் என்ற எண் 0.8க்கு மேல் போனால் இணைப்பை நம்பலாம், 0.6க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம், நடுவில் என்றால் சொல்வதற்கில்லை. முடுக்கிப் புரதங்களில் வடிவமில்லாமல் தொங்கும் பகுதிகள் அதிகம் என்பதால் முழு நீளத்தைக் கொடுத்தால் எண் விழும். ஒட்டும் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தும் பாருங்கள்.

லேப் கிடைத்தால் ஈஸ்ட் டூ-ஹைப்ரிட். ஒரு புரதத்தை ஈஸ்டின் கால்4 புரதத்தின் (நெல்லின் காலா4 அல்ல) டிஎன்ஏ பிடிக்கும் பாதியோடும், இன்னொன்றை முடுக்கும் பாதியோடும் ஒட்டவைக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் கால்4 உயிர்பெற்று, ஹிஸ்டிடின் இல்லாத தட்டிலும் ஈஸ்ட் வளரும். நம் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. எம்ஒய்பிக்கு முடுக்கும் பகுதி சொந்தமாகவே உண்டு. அதை டிஎன்ஏ பிடிக்கும் பாதியோடு வைத்தால் துணையே இல்லாமல் தட்டு முழுக்க வளர்ந்து நிற்கும், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். எம்ஒய்பியை எதிர்ப்பக்கம் வையுங்கள். இல்லை, அதன் முடுக்கும் வாலை வெட்டிவிட்டு வையுங்கள். துணைப் புரதத்தின் ஜீன் இல்லாத வெற்று வெக்டரோடு ஒரு தட்டு கட்டாயம்.

ஈஸ்டில் ஒட்டியது செடியிலும் ஒட்டுகிறதா என்று பார்க்க, புகையிலை இனச் செடியின் இலையில் ஒளிரும் புரதத்தை இரண்டு துண்டாக்கிச் செய்யும் பைஃபிக் சோதனை உண்டு. கூட்டணி உண்மையில் ஜீனை முடுக்குகிறதா என்பதற்கு டிஎஃப்ஆரின் ஊக்கிப் பகுதியை ஒளி தரும் நொதியான லூசிஃபரேஸின் ஜீனோடு இணைத்து, எம்ஒய்பியைத் தனியாக, பிஎச்எல்எச்சைத் தனியாக, இரண்டையும் சேர்த்து என்று அளக்கலாம். சேர்த்தபோது வரும் ஒளி, தனித்தனியாக வந்ததன் கூட்டலைவிடப் பல மடங்கு இருந்தால் கோடு வேலை செய்கிறது.

முழு வலைப்பின்னலுக்கும் வைக்கப்பட்ட பரீட்சை ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. அரிசியின் வெள்ளை உட்பகுதியையும் நிறமாக்க முடியுமா என்று பலர் ஒன்றிரண்டு ஜீன்களைச் செலுத்திப் பார்த்துத் தோற்றார்கள். 2017இல் தென்சீன வேளாண் பல்கலைக்கழகக் குழு எட்டு ஜீன்களை ஒரே வீச்சில் மாவுப்பகுதியில் இயங்கும்படி செலுத்தியது. இரண்டு முடுக்கிகள் மக்காச்சோளத்தில் இருந்து, ஆறு நொதிகள் கோலியஸ் செடியில் இருந்து. அந்த அரிசியை எவ்வளவு தீட்டினாலும் ஊதாவாகவே இருந்தது. உங்கள் மாவுப்பகுதி வரைபடத்தில் எத்தனை புள்ளிகள் காலியாக இருக்கின்றன என்று எண்ணி, அந்த எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.